பட்டுவின் பல்குச்சி

என்னங்க,

நான் சிங்கவரத்தில் அக்காவைப் பார்க்கப் போகிறேன். புளிக்குழம்பை அடுப்பின்மேல் மூடி வைத்திருக்கிறேன்.

பட்டுவின் பல் சுத்தத்துக்கு நீங்கள் வாங்கிவந்த மெல்லும் குச்சியில் கோழி கலந்திருந்தது. அதனால்தான் நேற்று தூக்கி எறிந்தேன். "நாய் இன்னா ஜைனமா?" என்று கத்தினீர்கள். சண்டையிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்தபின் சாப்பிடாத நாம் இருவரும் பட்டினி. பட்டு மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டது.

காலையில் அதன் வாயைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல ஈறு சிவந்துதான் இருக்கிறது. காய்கறியில் செய்த குச்சி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்று கொடுங்கள். அவசரத்தில் அப்படியே விழுங்கிவிடும். மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

ராஜமதி

சொல்ல மறந்துவிட்டேன்: பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். எனக்கும் தட்டு வையுங்கள். மிச்சச் சண்டையைச் சாப்பிட்டபின் போடலாம்.