தெரியல என்று ஒரு பதில்

மார்ச் 5

பிரசவ விடுப்பு முடிந்து எக்ஸ்ரே அறைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. வாய் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க." பெண்கள் என்றால் அதற்கு முன்னால், "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?" தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்கிறேன். எல்லோரும் "இல்ல" என்கிறார்கள். நானும் பொத்தானை அழுத்துகிறேன்.

பாப்பாவுக்கு எட்டு மாதம். காலையில் மசித்த வாழைப்பழத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்.

நேற்று ராத்திரி நானும் அவரும். அவள் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. அவர் தயங்கத்தான் செய்தார். "பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு உங்கம்மாவே சொன்னாங்க" என்று நான்தான் தைரியம் சொன்னேன். எனக்கு இன்னும் பீரியட்ஸும் வர ஆரம்பிக்கவில்லையே.

இன்று முழுக்க வாயில் ஒரு பாட்டு. ஏப்ரன் சார் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். என் சீனியருக்கு நான் வைத்த பெயர் அது. ஈய ஏப்ரன் மாட்டாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விடமாட்டார்.

மார்ச் 9

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. எனக்குத் தூக்கம் போச்சு.

மார்ச் 13

மதியம் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"இல்லக்கா. பால் குடுக்கிறேன்ல."

சரி என்று திரும்பிவிட்டேன். ஏப்ரன் சார்தான் நிறுத்தினார். "கடைசியா எப்பம்மா பீரியட்ஸ்?"

"இவ பொறந்தப்புறம் வரவே இல்லையே சார்."

"அப்ப யூரின் டெஸ்ட் பாத்துட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பாசிட்டிவ். "பால் குடுக்கிறேனேக்கா" என்று என்னிடமே மறுபடி சொன்னாள். நான்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பதுபோல.

அவள் சொன்னது என் வசனம். நான் அவரிடம் சொன்ன அதே வசனம்.

மார்ச் 14

அத்தை சொன்னதை எப்படி நம்பினேன்? அத்தையின் மகன்கள், இவரும் கொழுந்தனும், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இரட்டையரா என்று கேட்காத வாத்தியார் இல்லையாம். அத்தாட்சி வீட்டிலேயே லுங்கி கட்டிக்கொண்டு நடமாடுகிறது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

காலையில் நைசாகக் கேட்டேன். "அத்தை, கொழுந்தன் வயித்துல வந்தப்போ இவருக்குப் பால் குடுத்துட்டு இருந்தீங்களா?"

"குடுத்தேன். அது வேற."

"எப்படி வேற?"

"காலங்காத்தால தொணதொணக்காதே."

மற்ற பெண்களுக்கு மாதாமாதம் ஒரு தேதி இருக்கும். அது தாண்டினால் பயப்படலாம், வந்தால் கும்பிடு போடலாம். எனக்கு எந்தத் தேதி? எதை வைத்துக் காத்திருப்பது?

பாப்பாவை ஆபரேஷன் செய்து எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது காதிலேயே இருக்கிறது. "ரத்தம் ரொம்பப் போயிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு அடுத்ததை நெனச்சுக்கூடப் பாக்காதீங்க. உள்ள தையல் ஆறணும்." எட்டு மாசம்தானே ஆகுது. எட்டே மாசம். கடவுளே.

மார்ச் 16

எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடத்திலேயே இரண்டு மாடி ஏறினால் மகப்பேறு டாக்டர். ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிட்டால்? எலும்பைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இரண்டு பஸ் மாறி, முன்பின் தெரியாத ஒரு கிளினிக்குக்குப் போனேன். போனால் வரிசையில் எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடைப் பெண்! இருவரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா திட்டவில்லை. பால் கொடுப்பது காப்பாற்றும், ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரைதான். அதுவும் ராத்திரி பகல் பால் மட்டுமே கொடுத்து, பீரியட்ஸும் வராமல் இருந்தால். "உன் குழந்தை பழம் சாப்பிடுது, நீ பகல் பூரா வேலைக்குப் போறே. அப்புறம் எப்படி? பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே கருமுட்டை வந்துடும்மா."

"அவர் கடைசி நேரத்துல வெளிய..."

"அதை நம்பவே நம்பாதே."

"ஒரே ஒரு தடவைதான் டாக்டர்."

"ஒரு தடவை போதும்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை குடுத்திருப்பேன். அஞ்சு நாளைக்குள்ள வந்திருந்தாக்கூட காப்பர்-டி போட்டுத் தடுத்திருக்கலாம். ஏன் வரலை?"

என்ன சொல்ல? நான் அப்போது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு தேதி மட்டும் கிடைத்தது. சேர்ந்த நாளிலிருந்து மூன்று வாரம். அதற்கு முன் டெஸ்ட் எடுத்து இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாதாம்.

மார்ச் 17

அவரிடம் சொன்னேன். "நீ ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்குறே, உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே, நம்ம வீட்டு மிக்ஸியை ரிப்பேர் பண்ணுங்க பாப்போம்" என்று கத்திவிட்டு, குளியலறையில் போய் அழுதேன்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு பேசினார். "அன்னிக்கு ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டாங்க. என் பேரே மறந்துபோச்சு எனக்கு. இன்னொரு தடவை அப்படி நிக்கத் தெம்பில்ல."

இதை அவர் இதுவரை சொன்னதே இல்லை.

மார்ச் 19

ஊழியர்களுக்கு வருடாந்தர மார்பு எக்ஸ்ரே. என் முறை. ஏப்ரன் சார் தலையை நிமிர்த்திக் கேட்டார், என்னிடமே. "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?"

இல்ல என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியல சார்."

அந்த அறையில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை. அவர் முகம் மாறவில்லை. "சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் கதிர் படாம நீ கன்ட்ரோல் ரூம்லயே இரு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மார்ச் 22

சாப்பாட்டு வாசனை குமட்டியது. அதுவா? பயமா? நேற்றைய குழம்பா?

மார்ச் 25

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. டெஸ்ட் பட்டையை அலமாரி மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

ஒரே கோடு. இல்லை.

அவர் மறுபடி மறுபடி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. படியில் விழுந்து வந்த அந்தப் பெண்ணை நினைத்தேன். அவளுக்கும் இப்படி ஒரு விடிகாலை கிடைத்திருக்கலாம்.

மார்ச் 28

காப்பர்-டி போட்டாயிற்று. அடிவயிற்றைப் பிசைகிறது. அத்தை, "அதெல்லாம் எதுக்கு, பால்தான் குடுக்கிறியே" என்றார். அவருடைய இரண்டு மகன்களும் ஒரே நேரத்தில், "அம்மா!" என்றார்கள்.

ஏப்ரல் 6

இன்று ஒரு பெண், இருபது வயதுக்கு மேல் இருக்கும். முதுகு எக்ஸ்ரே. அம்மாவும் கூடவே உள்ளே வந்தார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? ஆமா, இல்ல, தெரியல... எதுன்னாலும் சொல்லலாம்."

அவள் கதவைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"தெரியலக்கா."

"எப்ப?"

"முந்தாநேத்து."

ஏப்ரன் சாரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே அடுத்தவரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். "இன்னும் நேரம் இருக்கு, வா" என்று அவள் கையைப் பிடித்தேன். அம்மாவிடம், "ஒரு டெஸ்ட் பாக்கணும், இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, நானே இரண்டு மாடி ஏற்றி மகப்பேறு டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று நான் ஏறாத அதே இரண்டு மாடி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.