விமானக்காரர் போகாத வட்டம்

அனலைதீவு
12.02.1986

அன்புள்ள அண்ணை,

சுகமாயிருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். நீங்கள் அந்தக் குளிர்நாட்டில் சுகமாயிருக்க வேண்டும் என்று ஐயனாரை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. குகனுக்கு அந்தியேட்டியைச் செய்து முடி, இல்லாவிட்டால் பிள்ளையின் ஆத்மா அலையும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர் செத்தது எண்டு நான் எள்ளும் தண்ணியும் இறைக்கிறது, அண்ணை? ஐப்பசியில் ஊர்காவற்றுறையிலிருந்து வந்த லோஞ்சை நடுக்கடலில் மறித்துப் பெடியளைச் சீருடைக்காரர் இறக்கினார்கள். அதில் என் பிள்ளையும் ஒருவன். சீருடைக்காரரின் பெரிய கந்தோருக்குப் போனனான். அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள். பிடிக்காத பிள்ளை எப்படிச் செத்தான்?

குகனின் தகப்பன் செத்தபோது உடம்பைக் கண்டேன், குளிப்பாட்டினேன், அழுதேன். அது வேறு. இது வேறு.

மடத்துவெளித் தம்புவை விட்டுவிட்டார்கள். அதே லோஞ்சில் வந்தவர்தான். போய்ப் பார்த்தனான். ஆள் பாதியாய்ப் போனார். "யோகக்கா, கண்ணைக் கட்டித்தான் வைச்சிருந்தவங்கள். கப்பலிலை ஏத்தி, பிறகு லொறி. எந்த இடம் எண்டு சத்தியமாத் தெரியாது. குளம் நிரம்பி வான் பாயிற சத்தம் கேட்கும். செங்கல் சூளைப் புகை மணக்கும்" என்றார். குகனைக் கேட்டேன். "பக்கத்து அறையிலை இருமினது அவன்தான் எண்டு நினைக்கிறன்" என்றார். நினைக்கிறாராம். அந்த ஒரு சொல்லைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

இடத்தைக் காட்டுங்கள். பிறகு அந்தியேட்டியைப் பற்றிக் கதைப்போம்.

உங்கள் தங்கச்சி
யோகம்மா


ஜேர்மனி
20.04.1986

அன்புத் தங்கச்சி யோகம்,

இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்கு வருகிற ஒருவரின் கையில் தருகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு.

நான் கூட்டித் துடைக்கிற இடம் சின்ன விமானங்கள் ஏறி இறங்குகிற வெளி என்று முன்பே எழுதினேன். அங்கே விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வரைபடம் விற்கிறார்கள். மா, சீனி விற்கிற மாதிரி, காசு கொடுத்தால் ஆருக்கும். இலங்கைப் படம் இருக்குமோ என்று சும்மா கேட்டேன். எழுதி எடுப்பித்துத் தந்தார்கள்.

தங்கச்சி, மேசையில் விரித்துப் பார்த்தேன். எங்கள் அனலைதீவு அதில் இருக்கிறது. ஒரு குரக்கன் மணி அளவு. எங்களை மதித்து ஆரோ அதையும் கீறியிருக்கிறான்.

அந்தப் படத்தில் அங்கங்கே வட்டம் போட்டிருக்கிறது. வட்டத்துக்கு மேலே பறக்கக்கூடாதாம். ஏன் என்று எழுதவில்லை. துறைமுகத்துக்கு ஒன்று, பெரிய முகாமுக்கு ஒன்று, அவை ஊரறிந்தவை. ஆனால் ஒரு வட்டம் தெற்கில், வெறுங்காட்டில் கிடக்கிறது. மற்றப் படங்களில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. சிங்கள ஊரில் இருந்த எங்கள் கடை கலவரத்தில் எரியுமுன் நான் மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற பாதைதான். நீயும் கடையில் நின்ற காலத்தில் ஒருக்கா லொறியில் வந்தாய், குளக்கட்டில் இறங்கிக் கால் கழுவினாய். அந்தக் குளம். பக்கத்தில் சூளைகள் இருந்தன, ஞாபகமா?

முகாமே இல்லை என்கிறவர்கள் விமானக்காரனுக்கு மட்டும், "தம்பி, அதற்கு மேலே வராதே" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரவெல்லாம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தை அனுப்ப மாட்டேன். பையில் வரைபடத்தோடு ஒரு பெண்ணைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்.

அண்ணை
அம்பலவாணர்


அனலைதீவு
25.05.1986

அன்புள்ள அண்ணை,

நீங்கள் சொன்னபடி எரித்துவிட்டேன். இதையும் அதைக் கொண்டுவந்தவரின் கையிலேயே தருகிறேன். எரிக்கமுன் எத்தனைதரம் வாசித்தேன் என்று கேட்காதேங்கோ. எனக்கு உங்கள் கையெழுத்துப் பெரிய கரைச்சல். ஜேர்மனிக்குப் போயும் அது திருந்தவில்லை.

வேலை செய்யக் கை ஓடவில்லை. உலையில் அரிசி போடாமல் தண்ணீரைக் கொதிக்க விட்டுக்கொண்டு நின்றேன். பெத்தவளுக்குச் சொல்லாததை வானத்தில் போகிறவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடவுளே, இது என்ன உலகம்! அவன் தெரியாமல் வந்துவிடக்கூடாதே என்று ஒரு வட்டம். ஒளிக்கிற இடத்தைச் சுற்றித் தாங்களே கோடு கீறி, கடையில் விற்கவும் விட்டிருக்கிறார்கள்.

முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். இவ்வளவு காலமும் வானம் வெறுமையாய் இருக்கிறது என்றல்லவோ நினைத்தேன். அங்கேயும் வேலியும் படலையும் இருக்கிறது.

நான் போகிறேன். கடைச் சிங்களம் இன்னும் வாயில் நிற்கிறது. மறித்து எழுதாதேங்கோ, எழுதினாலும் கடிதம் வரமுன் நான் கோச்சி ஏறித் தெற்கே போய்க்கொண்டிருப்பேன்.

தங்கச்சி
யோகம்மா


ஜேர்மனி
18.06.1986

தங்கச்சி,

உனக்கு விசரா? வட்டம் இருப்பதால் குகன் இருக்கிறான் என்று ஆர் சொன்னது? வெடிமருந்துக் கிடங்காக இருக்கலாம், சுட்டுப் பழகுகிற இடமாக இருக்கலாம். நான் ஒரு அதிசயத்தைக் கண்டு எழுதினேன், அவ்வளவுதான். அதை நம்பி நீ காட்டுக்குள் போய் நின்றால், ஒரு மருமகனைத் தேடிய நான் தங்கச்சியையும் தேட வேண்டி வரும். எனக்கு உன்னை விட்டால் அங்கே ஆர் இருக்கிறார்கள்?

போகாதே. கீரிமலைக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய். நீ கேட்காவிட்டால் இனி நான் எழுத மாட்டேன். படத்தையும் கிழித்துப் போடுவேன்.

அண்ணை
அம்பலவாணர்


அனலைதீவு
09.07.1986

அன்புள்ள அண்ணை,

இதை ஊர்காவற்றுறை ஜசிந்தா கொண்டுவருகிறா. மகளிடம் பிரான்சுக்குப் போகிறா, அங்கிருந்து உங்களுக்குப் போடுவா. உங்கள் கோபக் கடிதம் நான் திரும்பி வந்தபோது வீட்டில் கிடந்தது.

போனேன். வழியில் ஒருவரும் என்னைத் தமிழ்ச்சி என்று பார்க்கவில்லை. பொட்டில்லாத நெற்றியை எத்தனைநாள் கண்ணாடியில் பார்த்து அழுதிருப்பேன், சிங்களத்திகளும் பொட்டு வைப்பதில்லை, அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது.

குளம் அப்படியே இருக்கிறது. சூளையில் ஒரு சிங்களப் பெண் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தா. என் வயதுதான். பக்கத்தில் குந்தி, அங்காலைக் காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. யானை."

"யானை மட்டுமோ?"

அவ தலை நிமிரவில்லை. "யானைதான். நாள்தோறும் பேக்கரி லொறியிலை பாண் போகுது. எங்கடை காட்டு யானை பாண் தின்னுற யானை."

எனக்குச் சிரிப்பு வந்தது. மகன் என்று மட்டும் சொன்னேன். அவ சேற்றுக் கையால் என் முழங்காலைத் தொட்டா.

குளக்கட்டில் ஏறினேன். மேலே பார்த்தேன். உங்கள் வட்டத்தைக் காணவில்லை. நாரைகள் அதற்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. அவற்றுக்கு ஒருவரும் படம் விற்கவில்லை. கூச்சம் பிடித்தது எனக்கு, கோயில் மூலஸ்தானத்துக்கு முன் நிற்பது போல. இவ்வளவு பெரிய வானத்தில் இந்த ஒரு துண்டுக்குக் கீழே ஆரோ இருமுகிறான்.

என்ன நினைத்தேனோ தெரியாது. எங்கள் துறையில் வள்ளம் அக்கரையில் நின்றால் கையைக் குவித்துக் கூப்பிடுவோமே, "ஓ…ஓஓய்" என்று இழுத்து, முடிவில் குரலை மேலே எறிந்து. அப்படிக் கூப்பிட்டேன். பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் அவனுக்கு அடி விழும்.

நாரை எல்லாம் எழும்பியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன்.

காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது, அண்ணை.

அதே கூப்பாடு. வள்ளத்திலிருந்து "கேட்டது, வாறம்" என்று திருப்பிக் கொடுப்பார்களே, அது. முதலில் ஒன்று, மெலிந்த குரல். அது அடங்கமுன் இன்னொன்று. பிறகு இன்னொரு பக்கத்தால். புங்குடுதீவார் நடுவில் வெட்டிக் கூப்பிடுவார்கள், அதுவும் கேட்டது. நெடுந்தீவாரின் நீட்டலும் கேட்டது. எண்ண முடியவில்லை. கடலே இல்லாத காட்டுக்குள் எங்கள் துறையெல்லாம் நின்று என்னைக் கூப்பிட்டது. நான் குளக்கட்டில் முழந்தாளிட்டு விட்டேன்.

உள்ளே காவல்காரர் விசில் ஊதினார்கள். குரல்கள் ஒவ்வொன்றாய் நின்றன. அந்தப் பெண் ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் செங்கல் அச்சுக்கு முன்னால் இருத்திச் சேற்றைக் கையில் திணித்தா. சீருடைக்காரரின் ஜீப் வந்து நின்றது.

"கத்தினது ஆர்?"

"என்ரை மச்சாள்தான் ஐயா. நாரை விரட்டினவ. கல்லெல்லாம் மிதிக்குது. கொஞ்சம் மூளை சரியில்லை."

நான் கல் அறுத்தேன். கோணல் கல். ஜீப் போய்விட்டது. "என்ன கல் இது, ஒரு சுவருக்கும் உதவாது" என்று அவ பேசினா. பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்தா.

குகன்ரை குரல் அதிலை இருந்ததோ எண்டு கேட்காதேங்கோ. எனக்குத் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியாமல் போகுமா என்று நீங்கள் நினைப்பீர்கள். அவ்வளவு பேர் ஒன்றாய்க் கூப்பிட்டால் பெத்தவளுக்கும் தெரியாது. அந்த நேரம் எல்லாம் அவன் குரலாய்த்தான் கேட்டது.

அந்தியேட்டி செய்ய மாட்டேன். இனி அந்தச் சொல்லை எழுதாதேங்கோ. எழுதாமல் விடுவேன் என்று வெருட்டவும் வேண்டாம். கோபத்தில் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை மட்டும் கிழித்திருக்கக் கூடாது. கிழித்திருந்தால் இன்னொன்று வாங்குங்கோ.

நெடுந்தீவிலிருந்து மேரிஜோசப்பின் என்ற ஒரு தாய் வந்து குசினிக்குள் அடுப்படியில் இருக்கிறா. ஞானசவுந்தரி நேற்று வந்தவ. இரண்டு பேரின் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டுபோனார்கள், இரண்டு பேருக்கும் அப்படி ஒருவரும் இல்லை என்ற அதே பதில்தான். நான் கேட்டதைச் சொன்னேன். நெடுந்தீவு நீட்டல் கேட்டதா என்று மேரிஜோசப்பின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டுகிறா. ஞானசவுந்தரியின் மகனைக் கொண்டுபோனது வேறு பக்கமாம். அண்ணைக்கு எழுதுங்கோ என்று பக்கத்தில் குந்தியிருக்கிறா.

அண்ணை, படத்தை விரியுங்கோ. ஊரறிந்ததை விடுங்கோ. ஒன்றுமில்லை என்கிற இடத்தில் இன்னும் எத்தனை வட்டம் இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாதை, எந்தக் குளம் என்று எழுதுங்கோ. சிங்களம் தெரிந்த பெண்கள் இங்கே இன்னும் இருக்கிறோம்.

உங்கள் தங்கச்சி
யோகம்மா