நான்கு விளக்கும் சிமிட்டிய வியாழக்கிழமை

ஜூன் 12, வெள்ளி
மழை: 38 மி.மீ.

நேற்று நடந்ததைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நாள் அவகாசம். எடுத்தவுடன் எழுத எனக்குக் கை வராது. முதலில் வரிசை.

1. மழை கடுமையாகப் பெய்தது. முன்னால் போகும் வண்டியே மங்கலாகத்தான் தெரிந்தது.
2. என் வேகம் முப்பதைத் தாண்டவில்லை.
3. முன்னெச்சரிக்கையாக நான்கு விளக்குகளையும் சிமிட்ட விட்டிருந்தேன்.
4. வலது பக்கம் திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டேன்.
5. பின்னால் வந்த ஸ்கூட்டர் என்னை வலப்புறமாக முந்த முயன்று, கதவில் மோதிச் சரிந்தது.

எழுதிப் பார்த்தால் ஐந்தும் சரியாகத்தான் இருக்கின்றன. பிறகு ஏன் இதை மூன்று முறை படித்தேன்?

இவளுக்கு, என் மனைவிக்கு, இடுப்பில் அறுவை நடந்த பிறகு, வியாழன்தோறும் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். நேற்று திரும்பும்போது மணி நாலே கால். ஆஸ்பத்திரி வாசலிலேயே மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல நடுவில் இருக்கும் நாலு விளக்குப் பொத்தானை அழுத்தினேன். நாற்காலிக் கடை முனையில் வலது பக்கம் திரும்பினேன். ஒரு சத்தம். பெரிய சத்தம் கூட இல்லை, அலமாரிக் கதவை முழங்கையால் சாத்தினது மாதிரி.

இறங்கினேன். மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண் சாலையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மருந்துக்கடையிலிருந்து வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவள். பை கிழிந்து மாத்திரை அட்டைகள் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன. நான் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். யாருக்குப் பிடிப்பது என்று தெரியவில்லை. இவள் கைத்தடியோடு எனக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் போய்விட்டாள்.

"மழையைப் பார்த்தது போதும், அந்தப் பொண்ணுக்குக் குடையைப் பிடிங்க!"

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னது: "நீங்க நின்னுட்டு இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். நின்ன வண்டி எப்படிங்க திரும்பும்?"

நான் நிற்கவில்லை. அதிர்ச்சியில் குழம்பியிருப்பாள்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

ஜூன் 13, சனி
மழை: இல்லை.

காரைத் துடைத்தேன். கதவில் ஒரு கோடு, என் கட்டை விரல் நீளம். அவ்வளவுதான்.

ஜூன் 14, ஞாயிறு
மழை: 2 மி.மீ.

மகள் வந்தாள். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, போதும்ப்பா. எழுபத்தாறு ஆச்சு. சாவியை எங்கிட்ட குடுத்துடுங்க."

இவள் சமையலறையிலிருந்து: "உங்கப்பா ஓட்டினா நடந்து போறவங்க முந்திட்டுப் போறாங்க. இவர் போய் ஆளை இடிச்சாராம்! அந்தப் பொண்ணுதான் வந்து இடிச்சுது."

"நாலு லைட்டும் போட்டிருந்தீங்களாப்பா?"

"போட்டிருந்தேன்."

"இண்டிகேட்டர்?"

"அதுவும்."

"அப்புறம் என்ன? உங்க மேல தப்பே இல்ல."

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். மழை வந்தால் முதல் வேலை நாலு விளக்கையும் போடுவது என்று சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னது ஆறுதலாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொல்லி என்னை விடுவித்தாள் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது.

ஜூன் 16, செவ்வாய்
மழை: 11 மி.மீ.

காப்பீட்டுக்காரர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் சிக்னல் காட்டவே இல்லை என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

"அவங்க சொல்றதை விடுங்க சார். இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு புகார் கூட இல்ல. இண்டிகேட்டர் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, ஃபைலை மூடிடலாம்."

"மூடினால் அவளுக்கு என்ன ஆகும்?"

"தப்பு அவங்க மேலன்னு ஆகும். கடைக்காரங்க வண்டியில வேற ஆளைப் போட்டுடுவாங்க. அந்தப் பொண்ணுக்கு அங்க வேற வேலை இல்லையாம்."

"தப்பு என்னுடையது என்றால்?"

"உங்க வயசுக்கு கண் பரிசோதனை, ரோடு டெஸ்ட் எல்லாம் மறுபடி வைப்பாங்க சார். அது எதுக்கு உங்களுக்கு?"

முதல் முறை ரோடு டெஸ்ட்டில் நான் வண்டியை இரண்டு தடவை அணைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு ஆள் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தால் எனக்கு எந்தக் காலால் எதை மிதிப்பது என்பதே மறந்துவிடும். அப்போது வயது முப்பத்தொன்று.

அவர் போன பிறகு இவளிடம் கேட்டேன், நான் இண்டிகேட்டர் போட்டது நினைவிருக்கிறதா என்று.

"போட்டீங்களே. டிக் டிக்னு கேட்டுச்சு."

எனக்கும் கேட்டது. ஆனால் — அந்த டிக் டிக் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. நாலு விளக்கும் போட்டால் அதே சத்தம்தான். ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் சத்தத்தை வைத்துப் புதிதாக ஒன்று நடந்தது என்று எப்படிச் சொல்வது? முப்பத்தோரு வருஷம் வானிலை நிலையத்தில் மழைமானி பார்த்தவன் நான். இன்றும் கொல்லையில் ஒன்று வைத்துக் காலை எட்டரைக்குக் குறித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைய தண்ணீரைக் கொட்டாமல் இன்றைய மழையை அளக்கக் கூடாது என்பது அங்கே முதல் நாள் பாடம்.

பார்த்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 17, புதன்
மழை: இல்லை. சோதனைக்கு ஏற்ற நாள்.

காரை வாசல் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்தி, இவளைப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நான் உள்ளே. கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டேன். நாலு விளக்கும் போடாமல், வலது இண்டிகேட்டர்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

பிறகு நாலையும் போட்டேன்.

"ரெண்டு பக்கமும் மினுக்குது."

நாலும் எரியும்போதே இண்டிகேட்டர் கம்பியை வலது பக்கத்துக்குத் தள்ளினேன். விரலில் அதே இடறல், அதே பிடிப்பு. அன்று எனக்கிருந்த அதே நிச்சயம்.

"இப்போ?"

"ரெண்டு பக்கமும்தான்."

"நன்றாகப் பார். வலது பக்கம் வேகமாகவோ மெதுவாகவோ ஏதாவது வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கண்ணடிக்குது. நாப்பத்தெட்டு வருஷத்துல நீங்க எனக்கு ஒரு தடவை கண்ணடிச்சதில்ல, உங்க கார் அடிக்குது."

ஏழு முறை செய்தேன். இடது பக்கமும் செய்தேன். பிறகு அவளை உள்ளே உட்கார வைத்து, கம்பியைத் தள்ளச் சொல்லி, நானே பின்னால் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. நாலும் எரியும்போது இண்டிகேட்டருக்கு வேலையே இல்லை.

பெட்டியிலிருந்து காரின் கையேட்டை எடுத்தேன். வாங்கிய புதிதில் படித்திருக்கிறேன்; படித்த பக்கத்துக்கெல்லாம் பென்சிலில் ஒரு 'டிக்' போட்டிருக்கிறேன். முப்பத்தெட்டாம் பக்கம் வரை டிக் இருக்கிறது. அன்று ஏதோ வேலை வந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டே வரிகள்: வண்டி பழுதாகியோ ஆபத்தான இடத்திலோ நிற்கும்போது மட்டும் பயன்படுத்தவும், இவை இயங்கும்போது திசை காட்டும் விளக்குகள் இயங்கா.

மூன்று பக்கம்.

"நின்ன வண்டி எப்படிங்க திரும்பும்?" அந்தப் பெண் குழம்பவில்லை. கொட்டுகிற மழையில் முன்னால் நாலு விளக்கும் சிமிட்டுகிற ஒரு கார், ஊர்ந்துகொண்டிருக்கிறது. பழுதாகி நிற்கிறது என்று நினைத்துச் சுற்றிப் போகப் பார்த்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானாக இருந்தாலும். இல்லை, நான் பின்னாலேயே நின்றிருப்பேன். ஆனால் அது வேறு விஷயம்.

ஜூன் 18, வியாழன்
மழை: 4 மி.மீ.

பிசியோதெரபிக்குப் போகவில்லை. கார் சர்வீஸுக்குப் போக வேண்டும் என்றேன். கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. இவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரி" என்றாள்.

ஜூன் 20, சனி
மழை: 9 மி.மீ.

என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டேன்.' அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. கம்பியைத் தள்ளினேன். விளக்கு எரிந்தது என்று எழுதவில்லையே. சந்தேகம் கேட்பதுபோலக் காப்பீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன்.

"அதேதான் சார். நீங்க போட்டீங்க. வெளிய எரிஞ்சுதா இல்லையான்னு உள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

சுலபமாக இருந்தது. நாலு பிரதி எழுதினேன். நாலிலும் கையெழுத்துப் போடுகிற இடம் வரை வந்து நின்றேன்.

மாலையில் மருந்துக்கடைக்கு நடந்து போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று. முடிவு தெரியும் வரை அவளைக் கடைக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். கட்டுப் போட்ட கையால் சீட்டுகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் மடித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்புவதற்குள் பார்த்துவிட்டாள்.

"வாங்க சார். அம்மா இடுப்பு எப்படி இருக்கு? அன்னிக்கு மழையில அவ்வளவு நேரம் நின்னாங்களே."

"பரவாயில்லை" என்றேன். "கை?"

"இருக்கு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மெல்லிய குரலில்: "நான் ஒண்ணும் பொய் எழுதல சார். நீங்க சிக்னல் போட்டிருந்தா நான் பார்த்திருப்பேன்."

தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் கேட்டேன். எனக்கு இருமல் இல்லை.

ஜூன் 21, ஞாயிறு
மழை: 23 மி.மீ.

காலையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். முக்கியமான பகுதி: 'இண்டிகேட்டர் கம்பியைத் தள்ளினேன். ஆனால் முன்னெச்சரிக்கையாக நான்கு விளக்குகளையும் போட்டிருந்ததால் அது எரியவில்லை; எரிந்திருக்கவும் முடியாது. இதை என் மனைவியின் உதவியோடு ஏழு முறை சோதித்துப் பார்த்தேன். பின்னால் வந்தவர் என் வண்டி நிற்கிறது என்று எண்ணியது நியாயமே.' கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இவளிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இதைக் குடுத்தா ரோடு டெஸ்ட் வைப்பாங்க."

"வைப்பார்கள்."

"நீங்க போக மாட்டீங்க."

தெரிந்துதான் சொல்கிறாள். நாற்பத்தெட்டு வருஷம்.

"உன் வியாழக்கிழமைதான்..." என்றேன்.

"பஸ் இருக்கு. ஒம்பதாம் நம்பர். முனையில ஏறினா ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விடறான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எதிர் பெட்டுல இருந்த அம்மா அதுலதான் வர்றாங்க. ஆறு மாசமாச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க புதன்கிழமையே டயருக்குக் காத்து பார்த்து, கண்ணாடி துடைச்சு... எதுக்கு அதைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."



ஜூன் 22, திங்கள்
மழை: 1 மி.மீ.

கொடுத்துவிட்டேன். காப்பீட்டுக்காரர் ஒன்றரைப் பக்கத்தையும் நின்றபடியே படித்தார். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2, வியாழன்
மழை: இல்லை.

ஒன்பதாம் எண் பஸ். படி உயரம். நடத்துநர் இவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். காரில் நான் பேச விட்டதில்லையாம், ஓட்டும்போது கவனம் சிதறும் என்பேனாம். இருக்கலாம்.

ஜூலை 8, புதன்
மழை: 5 மி.மீ.

ரோடு டெஸ்ட்டுக்குத் தேதி போட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதி, உரிமத்தையும் உள்ளே வைத்து அனுப்பிவிட்டேன். சாவியை மகளிடம் கொடுத்தேன். வாங்கும்போது அவள்தான் அழுதாள்.

டயருக்குக் காற்று பார்க்காத புதன்கிழமை.

ஆகஸ்ட் 7, வெள்ளி
மழை: இல்லை.

மணி அடித்தது. இவளுடைய மாத்திரைகள். அதே மஞ்சள் மழைக்கோட்டை மடித்து ஸ்கூட்டரின் முன்னால் சொருகியிருந்தாள். கட்டு இல்லை, மணிக்கட்டில் ஒரு பட்டை மட்டும்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்."

போட்டேன். சொல்ல வேண்டியதை இன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட் வரை போனவள் திரும்பி, "அந்த இருமல் சரியாயிடுச்சா?" என்றாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு
மழை: 71 மி.மீ. இந்த வருஷத்தில் இதுதான் அதிகம். நாளைக் காலை எட்டரைக்குத்தான் குறிக்க வேண்டும். பொறுக்கவில்லை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட்டேன்.

மகள் வீட்டிலிருந்து அவள் காரில் திரும்பினோம். இவள் பின்னால், நான் முன்னால் அவளுக்குப் பக்கத்தில். பாலத்தில் ஏறும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. முன்னால் எதுவும் தெரியவில்லை. மகளின் இடது கை, அவள் நினைக்கக்கூட இல்லை, தானாக நடுவிலிருக்கும் பொத்தானுக்குப் போனது.

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

"என்னப்பா? மழை பெஞ்சா முதல்ல இதைத்தான் போடணும்னு நீங்கதானே..."

"நான்தான். எடு கையை. முன்விளக்கை மட்டும் போடு, வெளிச்சம் கீழே விழுகிற மாதிரி. மெதுவாகப் போ. முடியவே இல்லையென்றால் பாலம் தாண்டி ஓரமாக நிறுத்து. நிறுத்தின பிறகு போடு."

பின்னாலிருந்து இவள்: "ஏழு தடவை சோதனை பண்ணியிருக்கார். சொன்னபடி கேளு."

மகள் கையை எடுத்தாள். பாலம் தாண்டினோம். அவள் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டாள். டிக் டிக் என்று கேட்டது, அது ஒன்று மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஜூன் 12-ஐ எடுத்துப் படித்தேன். மழை கடுமைதான். வேகம் குறைவுதான். கம்பியைத் தள்ளியதும் உண்மை. அந்தப் பெண் வலப்புறமாக வந்ததும் உண்மை. மூன்றாவது மட்டும் தவறு. 'முன்னெச்சரிக்கையாக' என்று எழுதியிருக்கிறேன், வாக்குமூலத்திலும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் பின்னால் வருபவர் யாரையும் நினைக்கவில்லை. பயமாக இருந்தது. அதனால் போட்டேன்.