உள்ளங்கால் ஜோசியம்

சட்டைப் பையில் ஃபார்மலின் வாசனை. துவைத்த பிறகும் போகவில்லை.

போன வாரம் அந்தப் பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் என் இடது உள்ளங்காலின் ஒரு துண்டு. மிளகளவு. பாளையங்கோட்டையில் மருத்துவர் அதை வெட்டியெடுத்து, ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போட்டு, பிளாஸ்திரியில் என் பெயரை எழுதி ஒட்டி, என்னிடமே கொடுத்தார். ஜங்ஷனில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு நானே கொண்டுபோக வேண்டும். இங்கே அதுதான் வழக்கம்.

ஆட்டோக்காரர் மேலப்பாளையத்துக்காரர். நொண்டிக்கொண்டு ஏறியவனைக் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன தம்பி, பையில அத்தரா?"

"தோலு."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

ஆற்றுப் பாலம் வந்தது. "அப்ப பைய ஓட்டுதேன்" என்று வேகத்தைக் குறைத்தார்.

சிரித்துவிட்டேன், பெரியப்பா. அன்றைக்கு முழுக்க அந்த ஒரு சிரிப்புத்தான்.

அதற்குச் சில நாள் முன்பு பாபநாசத்தில் குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உள்ளங்காலில் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே. முள் ஒடிந்து உள்ளே நின்றிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் ஊக்கு கேட்டேன். கழுத்துச் சங்கிலியில் கிடந்ததைக் கழற்றப்போன கை நின்றது.

"முள்ளுன்னா குத்துன அன்னைக்கு வலிச்சிருக்கணும்லா. வலிச்சுதா?"

"இல்ல."

பெரியம்மா சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள்.

"அவுகளுக்கும் வலிக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார்கள். ராதாபுரத்தில் விவசாய அலுவலகத்தில் இருந்த காலத்தில் நீங்கள் நாளெல்லாம் பனங்காட்டுக்குள் நடந்தது. குதிகாலில் வந்த கறுப்பை உடைமர முள் என்று நினைத்தது. ஊக்கால் தோண்டியது. சுட வைத்த எண்ணெய் விட்டது. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டியது. மதுரைக்குப் போனபோது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

எங்களிடம் ஆறாத முள்புண் என்று சொன்னீர்கள். கடைசி வரைக்கும் அதுதான் எங்களுக்குத் தெரியும். அது மெலனோமா. தோலில் வருகிற புற்று. தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வம்சத்தில் புற்று இருக்கிறதென்று தெரிந்தால் எவன் வாசல் மிதிப்பான் என்று பெரியம்மாவின் வாயையும் அடைத்துவிட்டீர்கள்.

ஆனால் மதுரை மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ரத்த சொந்தங்களின் உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று.

"அதுக்குத்தான் அந்தக் கூத்து" என்றார்கள் பெரியம்மா.

அந்தக் கூத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடும்பம் மொத்தமும் உங்கள் வீட்டில். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். கையில் டார்ச் லைட், மடியில் பூதக்கண்ணாடி. மதுரை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் உள்ளங்கால் ரேகை பார்க்கக் கற்றுக்கொண்டதாக அறிவித்தீர்கள். முதலில் அப்பாவைக் கூப்பிட்டீர்கள்.

மூத்தவர் இளையவன் காலைத் தொடுவதா? அப்பா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "வேண்டாம் அண்ணாச்சி. எனக்குப் பாவத்தச் சேக்காதிய."

"ஒம் பாவத்த நான் பாத்துக்கிடுதேன். காட்டுலே."

தம்பியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தீர்கள். நகக் கண்ணைக்கூட விடவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஓய்வூதியம் ஒழுங்காக வரும் என்று பலன் சொல்லி அனுப்பினீர்கள்.

என் முறை. எம்.ஏ. முடித்திருந்த திமிர். "இதுக்கு என்ன ஆதாரம் இருக்கு பெரியப்பா?" என்றேன்.

"நீ படிச்சவன்லா. ஒனக்கு ரெண்டு தடவ பாக்கணும்."

உண்மையிலேயே இரண்டு தடவை பார்த்தீர்கள். அன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை. உங்கள் கை சூடாக இருந்தது.

செய்தி பரவி எதிர்வீட்டு அக்காள் ஓடி வந்தாள். "எனக்கும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

"இது நம்ம ரத்தத்துக்குத்தாம்மா பலிக்கும்."

என் அம்மா காலைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள். அவளுக்கும் அதே பதில். "எங்க காலு மட்டும் என்ன, கழுதக் காலா?" என்று அடுக்களைக்குள் போனவள், நீங்கள் கண்மூடும்வரை அந்தக் கோபத்தை விடவில்லை.

பாளையங்கோட்டை மருத்துவர், உங்கள் வயதை நெருங்குகிற பெண்மணி, முதலில் கேட்ட கேள்வியே அதுதான். "ரத்த சொந்தத்துல யாருக்காவது இருந்துச்சா?"

சொன்னேன். புற்று என்ற சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அங்கேதான்.

"அப்ப எனக்கும் வருமா?"

"ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கும் வரும்னு ஒண்ணும் விதி இல்ல. பெத்தவங்க, கூடப் பிறந்தவங்கன்னு ஒரே குடும்பத்துல ரெண்டு மூணு பேருக்கு வந்திருந்தா நான் ரொம்ப யோசிப்பேன். அதுலயும் உள்ளங்கால்ல வர்றது பெரும்பாலும் பரம்பரையா வர்றதில்ல. ஆனா தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சதுனாலதான நீங்க தோண்டாம எங்கிட்ட வந்திய?"

நேற்று முடிவு வந்தது. சாதாரண மச்சம்.

மருத்துவர் அதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. முதல் முறை என் காதில் விழவில்லை. ஓரம் கலைந்தாலோ, நிறம் மாறினாலோ, பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே வரவேண்டும், மற்றபடி நிம்மதியாக இருங்கள் என்றார். வெளியே வந்து முக்கு டீக்கடையில் ஒரு டீ சொன்னேன். குடிக்காமல் வைத்துக்கொண்டே நின்றேன். வெயில் நன்றாக இருந்தது. திருநெல்வேலி வெயிலைப் பற்றி இப்படி எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். அவள் காலை ஏன் நீங்கள் பார்க்கவில்லை என்பதையும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்லா. அந்தக் கோவத்துல மனுசனுக்கு ஒரு சொதிக் குழம்பு வச்சுப் போடலியே."

இன்று காலை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். தங்கை பம்பாயில் இருக்கிறாள். லைன் சரியில்லை. மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை. கத்தவேண்டியிருந்தது.

"பெரியப்பாவுக்கு இருந்தது முள்புண் இல்ல. புத்துநோய்! மெலனோமா! ஆமா, புத்து!"

கண்ணாடிக்கு வெளியே காத்திருந்த இருவர் திரும்பினார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்பதையும் அதே சத்தத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்ப அந்த ஜோசியம்?"

"பொய்."

"எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளைன்னு சொன்னாவ. ரெண்டும் பொட்டப் பிள்ளையாப் பெறந்தப்பவே நெனச்சேன்."

சிரித்தோம், பெரியப்பா. எஸ்.டி.டி. மீட்டரில் காசு ஓட ஓட.

"நான் என்ன செய்யணும் இப்ப?"

"பாத்துக்கிடணும். கால, முதுக, எல்லாத்தையும். பிள்ளைகளுக்கும் பாரு. பயப்படாமப் பாரு. புதுசா எதுவும் தெரிஞ்சா டாக்டர்ட்ட போ. போனா பெரியப்பாவப் பத்திச் சொல்லு."

"அவுக பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லியே."

அவளுக்காக நீங்கள் மறைத்தீர்கள். அவளிடமே நான் உடைத்துவிட்டேன். கோபித்துக்கொள்வீர்கள்தான். ஆனால் இனி எங்களில் யார் எந்த மருத்துவர் முன்னால் உட்கார்ந்தாலும், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கூச்சமில்லாமல், தெளிவாக, உறவுமுறையோடு சொல்வோம்.