கறக்காத மடி

இன்று பங்குச் சந்தை மூடியதும் வழக்கம்போல, பங்குகளைச் சலித்தெடுக்கும் ஸ்கிரீனரை ஓட்டினேன். பதினொரு பங்குகள் வந்தன. 'மடி' என்று பெயர் வைத்திருக்கும் கடைசி வடிகட்டியை அழுத்தினேன். மூன்று மிஞ்சின. அந்தச் சொல்லைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் உன் பையிலிருந்து வரும் புண்ணாக்கு வாசம் வந்துவிடுகிறது. நீ ஊருக்குப் போய்வந்த திங்கட்கிழமைகளில் நம் பீளமேட்டு அறை முழுக்க அதுதான் வீசும். "மாட்டுக் கொட்டாய்லயே படுத்திருக்கலாமில்ல" என்பேன். நீ சிரித்துக்கொண்டே துணியை உதறுவாய்.

நான் மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டவன். நீ படித்து முடித்து ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்தவன். அறை மட்டும் ஒன்றாகவே இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. ஒரு பங்கு கடந்த இருபது நாளில் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்துச் சலிப்பது. விலை இருபது நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். கைமாறும் எண்ணிக்கை, அதாவது வால்யூம், முந்தைய மாதத்தைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் நான் பார்ப்பதில்லை. நேற்று வரை ஓடியது நாளையும் ஓடும். என் படிப்பு அவ்வளவுதான்.

சலித்து வருகிற பங்குகளின் பெயர்களைப் போட ஒரு வாட்ஸாப் குழு வைத்தேன். இருபது நாள் வாய் திறக்காதவன் வெளியே போக வேண்டும் என்பது அங்கே விதி. பங்குக்கு வைத்த சட்டத்தை மனிதனுக்கும் வைத்தேன் என்று பெருமை வேறு.

உன் அப்பா பொள்ளாச்சி சந்தையில் மாட்டுத் தரகர். ஒருமுறை என்னை அங்கே கூட்டிப்போனாய். ஒரு பால்மாடு மடி புடைத்து நின்றது. "வாங்கினா இதைத்தான் வாங்கோணும்" என்றேன். நீ குனிந்து பார்த்தாய்.

"நேத்துல இருந்து கறக்காம ஓட்டியாந்திருக்காங்க மாப்ள. வலியில காலை மாத்தி மாத்தி வெக்குது பாரு. ரெண்டு வேளை கறந்து பாத்தாத்தான் நெசம் தெரியும்."

மாட்டுக்காரருக்குக் காதில் விழுந்துவிட்டது. உன்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங் தம்பி, வாங்கறது நீங்களா, அவருங்களா?"

"அவருதானுங்க. நான் மாட்டைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

திரும்பும் பஸ்ஸில் சொன்னாய். "உன்ற ஸ்கிரீனர்லயும் இதைப் போடு. இருபது நாள்ல வால்யூம் எகிறுன ரெண்டு நாளைத் தள்ளிப்போட்டு, மிச்ச பதினெட்டு நாளை மட்டும் பாரு. அப்பவும் நின்னா நல்ல மாடு. இல்லீன்னா எவனோ மடியை நெறச்சு நிறுத்தியிருக்கான்."

அதை நான் குழுவில் நகைச்சுவையாகப் போட்டேன். அன்றிலிருந்து உனக்கு அங்கே மாட்டு டாக்டர் என்று பெயர். நீ கோபப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, "அதைப் போட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாய். "வேற வேல இல்லயா எனக்கு" என்றேன்.

பிறகு ஒருநாள், "காய்ச்சலாட்டம் இருக்குது, ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினாய். கண் மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் ஒரு சின்னப் பங்கு என் எல்லா வடிகட்டிகளையும் தாண்டி மேலே வந்திருந்தது. இரண்டே நாளில் அதன் வால்யூம் பொங்கியிருந்தது. இருந்ததையெல்லாம் அதில் வைத்தேன். குழுவையும் வைக்கச் சொன்னேன். உன்னைக் கூப்பிட நேரமில்லை என்று சொன்னால் பொய். தோன்றவில்லை.

நீ ஊருக்குப் போன இருபதாம் நாள் குழுவில் உன் பெயரைப் போட்டு எழுதினேன்: "அசைவே இல்ல. லிஸ்ட்ல இருந்து தூக்கறேன்."

உடனே பதில் வந்தது. "தூக்கிக்க மாப்ள. ஆனா அந்தப் பங்குல ரெண்டு நாளைத் தள்ளிப்போட்டுப் பாத்தியா? கறக்காத மடிடா அது. வெளிய வந்துரு."

"டாக்டர் ஊசி போட வந்துட்டாரு" என்று எழுதி, வரிசையாகச் சிரிக்கிற முகங்களை வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள். "செத்த பங்கை நான் வெச்சுக்கறதில்ல" என்று இன்னொரு வரி போட்டுவிட்டு உன்னை நீக்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பங்கு சந்தை திறந்ததுமே, ஒரு நாளில் எவ்வளவு விழலாமோ அவ்வளவும் விழுந்து நின்றது. செவ்வாயும் அப்படியே. விற்க எல்லோரும் நின்றோம், வாங்க ஒருவனும் இல்லை. புதன்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நலம் விசாரிக்க இல்லை. எப்போது வெளியே வர முடியும் என்று கேட்க.

உன் தங்கை எடுத்தாள். "அண்ணன் காத்தால போயிட்டாருங்ணா" என்றாள். நான் யாரென்றுகூடச் சொல்லாமல், "எங்க?" என்று கேட்டேன்.

மஞ்சள் காமாலை முற்றி, பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். குழுவில் எனக்கு எழுதிய அந்தக் கடைசிச் செய்தியைக் கட்டிலில் படுத்தபடி, ஊசி குத்தாத கையால் தட்டியிருக்கிறாய். காரியம் முடிந்த பிறகு உன் வீட்டு வாசலில் அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்ணா, இந்தச் சிரிக்கிற படமெல்லாம் ஆருங்க போட்டது? இதைப் பாத்துட்டுப் போனைக் கவுத்து வெச்சவருதானுங்க. அப்பறம் தொடவே இல்லீங்க."

என் நம்பர் உன் போனில் மாப்ள என்றுதான் இருந்தது. அது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குரூப்ல வெளியூர்ப் பசங்க அம்மணி. எனக்கும் தெரியாது" என்றேன்.

அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

அறைக்கு வந்து நீ சொன்ன அந்த வடிகட்டியை எழுதினேன். நான்கு வரிதான். பொள்ளாச்சி பஸ்ஸிலேயே எழுதி முடித்திருக்கலாம். பழைய தேதிகளைக் கொடுத்து அந்தப் பங்கை ஓட்டினேன். இரண்டு நாளைத் தள்ளியதும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது.

அதன் பிறகு குழு பெருத்துவிட்டது. ஊதிப் பெருக்கிய பங்குகள் எங்களிடம் வருவதில்லை என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். இருபது நாள் விதி இன்னும் இருக்கிறது. உன் தங்கை பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறாள், நானும் அனுப்புகிறேன். அவளிடம் சொல்லவில்லை. இந்த மடலைக் குழுவில் போடப்போவதும் இல்லை.

இன்று அந்த மூன்று பெயர்களைப் போட்டதும் புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டான். "மடின்னு ஒரு ஃபில்டர் வெச்சிருக்கீங்களே, செமயா வேல செய்யுதுங்க. ஆரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்" என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டல் போட்டார்கள்.