ஸ்கிரம் கேட்டது நான்தான்

ஜூலை 6, சனி

இன்றைய ரக்பி ஆட்டத்திலும் ட்ரை போடவில்லை. பந்து ஒரு முறை கைக்கு வந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் பிடுங்கிவிட்டார்கள். எட்டுக்கு எட்டுப் பேர் தலை கோத்து முட்டும் ஸ்கிரம்மில், முன்வரிசையில் கழுத்தைக் கொடுப்பவன் நான். கோடு தாண்டிப் பந்தை ஊன்றி ட்ரை போட்டுப் பேர் வாங்குவது பின்னால் நிற்கும் ஒல்லிகள்.

கிளப் வழக்கம் ஒன்று இருக்கிறதே. சீசன் முழுக்க ஒரு ட்ரைகூடப் போடாதவன், கடைசி ஆட்டம் முடிந்ததும் பிறந்த மேனியாக மைதானத்தைச் சுற்ற வேண்டும். மிச்சம் நான் மட்டும்.

ஜூலை 9

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி நைரி சிரித்துத் தேநீரைச் சிந்திவிட்டாள். "கிளப் கேன்டீன்ல எங்கம்மா சிப்ஸ் போடுற ஜன்னல் மைதானத்தப் பாத்துதான் இருக்கு. பலக உடஞ்சதுல மூடவும் முடியல."

சரிசெய்கிறேன் என்று ஈஸ்டரில் சொன்னவன் நான். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் என்னிடம் பேசியது மழையைப் பற்றி மட்டும். இனி அதுவும் போச்சு.

ஜூலை 13

மழை. பூஜ்யம்.

ஜூலை 18

கேப்டன் ராவிரி தோளில் கை போட்டான். "கவலப்படாத டெரெக். கோட்டுக்கிட்ட போனா பந்து உனக்குத்தான். கண்ண மூடிட்டு விழு." சனிக்கிழமை கடைசி ஆட்டம்; தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். இருந்தும் சொன்னான்.

ஜூலை 19

பலகையைச் சரிசெய்யக் கிளம்பினேன். பசு கன்று போட ஆரம்பித்தது. திரும்பிவிட்டேன்.

ஜூலை 20, சனி

கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்னால். கோட்டருகே எங்களுக்குப் பெனால்டி. ராவிரி பந்தை என் கையில் திணித்தான். "போ."

எதிரில் டகெல், நாளெல்லாம் நான் முட்டிய ஆள். அவன் கழுத்து தளர்ந்துவிட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். தனியாகப் பாய்ந்தால் என்னை மடக்கிவிடுவார்கள். எட்டுப் பேரும் தள்ளினால் அவன் நிற்க மாட்டான்.

"ஸ்கிரம் கேளு."

"பைத்தியமாடா? உன் ட்ரை?"

"கேளுடா."

தள்ளினோம். டகெல் பின்னால் போனான், போனான், தாங்காமல் ஸ்கிரம்மையே சரித்தான். அதற்குத் தண்டனையாக நடுவர் எங்களுக்கு ட்ரை கொடுத்தார். ஏழு புள்ளி. பிழைத்தோம். அழுதேன். ஆமாம், அழுதேன்.

"யார் பேர்ல சார்?" என்றான் ராவிரி.

"பெனால்டி ட்ரை யார் பேர்லயும் ஏறாதுப்பா. அணிக்குத்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூட்ஸைக் கழற்றினேன்.

பாதிச் சுற்றில் பின்னால் திம் திம் என்று காலடி. டகெல். அவன் மேலும் துணி ஒன்றுமில்லை. "எங்க கிளப்லயும் இதே எழவுதான். மெதுவா ஓடு, கழுத்து வலிக்குது."

ஜூலை 21

மாமியார் வீட்டில் சாப்பாடு. மழையைப் பற்றிப் பேச்சே இல்லை. "நீங்க தள்ளினதப் பாத்துக்கிட்டே ஒரு சட்டி சிப்ஸக் கருக்கிட்டேன்," என்று இன்னும் இரண்டு துண்டு ஆட்டுக்கறி வைத்தார். "அதுக்கப்புறம் ஜன்னல மூடிட்டேன்."

நைரி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பலகையை நான் இன்னும் சரிசெய்யவில்லை.