சோதிநாதன் பஸ்ஸில் ஏறவேண்டும்

கிளென் ஈடன்
8.10.1995

தம்பி யசீகரனுக்கு,

வெடிக்காத குண்டை என் கதையில் வெடிக்கவைத்துவிட்டீர். என்னைக் கேட்கவில்லை. கீழே என் பெயரையும் போட்டிருக்கிறீர்.

தமிழ்ச் சங்க மலரின் கதைப்போட்டிக்கு நான் எழுதித் தந்தது வேறு. 1944. அமெரிக்கப் பாலைவனத்தில் அணுகுண்டு செய்கிறார்கள். ஜெர்மனியிடம் அப்படியொரு குண்டு இல்லை என்று செய்தி வருகிறது. விஞ்ஞானிகள் எல்லாரும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். உலகத்தில் அணுகுண்டே வரவில்லை. முற்றும்.

நீர் அச்சடித்ததில் சோதிநாதன் என்றொரு யாழ்ப்பாணத்து விஞ்ஞானி மட்டும் போகாமல் நிற்கிறான். தனியே குண்டைச் செய்து வெடிக்கவைத்து, "தமிழன்தான் முதல்!" என்று கத்துகிறான். அந்த ஆளை எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நூலகத்தில் அகராதியோடு இருந்து படித்து எழுதிய கதை அது. முதற்பரிசுக் கேடயத்தை உம்முடைய வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அது சோதிநாதனுக்குரியது.

ஆனந்தவல்லி

சான்ட்ரிங்கம்
12.10.1995

அன்புள்ள மாமி,

கேடயம் மழையில் நனைந்துவிட்டது. துடைத்து வைத்திருக்கிறேன், கோபம் ஆறியதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் முடிவில் ஒன்றுமே நடக்கவில்லையே மாமி! எல்லாரும் பஸ்ஸில் போனால் அது என்ன கதை? இப்போது மலர் முழுக்க விற்றுவிட்டது. தியாகலிங்கம் அண்ணை கண் கலங்கிப்போய், "எங்களிட்டையும் ஒண்டு இருந்திருந்தா ஒருத்தனும் எங்களில கை வைச்சிருக்க மாட்டான்" என்றார். மாமா விமானக் குண்டுக்குப் பலியானவர். இது உங்களுக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

கலைவிழாவில் அதையே நாடகமாகப் போடுகிறோம். தவராசா மட்டையில் பெரிய குண்டு செய்கிறார். சோதிநாதனாக வருவது உங்கள் பேத்தி பிரணவி. நீங்கள் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு அவளுக்கு அளவாக இருக்கிறது. பிள்ளையின் ஆசையைக் கெடுக்காதீர்கள்.

அன்புடன்,
யசீகரன்

கிளென் ஈடன்
16.10.1995

தம்பி,

எதற்கென்று சொல்லாமல் கோட்டும் தைப்பித்திருக்கிறீர்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று குறைப்படுகிறீர். விமானம் வந்தபோது உம்முடைய மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவர். அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட வந்திருப்பார். அதற்காகத்தான் அப்படி எழுதினேன்.

குண்டைத் தள்ளியவனுக்கும் அவனுடைய ஊரில் கை தட்டியிருப்பார்கள். அந்தக் கைதட்டலை என் பேத்திக்கு வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறீர். போன மாதம் பிரெஞ்சுக்காரன் இந்தப் பக்கத்துக் கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கக்கூடாது என்று குயின் வீதியில் எதிர்ப்பு அட்டை பிடித்தவர்தானே நீர்? தமிழன் குண்டென்றால் இனிக்குமோ?

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். முடிவை மாற்றியது நீர்தான் என்று மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லவேண்டும். "தவறு நடந்துவிட்டது" என்று மழுப்பிவிட்டு இறங்கக்கூடாது. தவராசா குண்டைப் பிரித்து அந்த மட்டையிலேயே பஸ் செய்யட்டும். தியாகலிங்கம் அதை ஓட்டட்டும். பிரணவி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கடைசி ஆளாக ஏறவேண்டும். நான் முன்வரிசையில் இருப்பேன். சோதிநாதன் ஏறாவிட்டால் மேடைக்கு வந்து நானே ஏற்றுவேன்.

சனம் கை தட்டாது. தட்டவேண்டாம்.

ஆனந்தவல்லி